தேக்காவை விட்டுத் தள்ளி: சிங்கப்பூரின் ஓரத்துப் பேட்டையில் குடியேறுவது எப்படி

சிங்கப்பூரில் கிராமம் என்று சொல்ல அதிகம் கிடையாது. லோரோங் புவாங்கோக்கில் எஞ்சி நிற்கும் ஒரு கம்பம் (மலாயில் கிராமம்), புலாவ் உபின் தீவில் சில வீடுகள், லிம் சூ காங் பக்கம் கொஞ்சம் பண்ணைகள். அதோடு சரி. ஆனாலும் பரமக்குடி, துறையூர், பட்டுக்கோட்டை என்று சின்ன ஊர்களிலிருந்து வருகிறவர்கள் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளத் தோதான இடம் இங்கே உண்டு. உட்லண்ட்ஸ், செம்பவாங், ஈசூன், சுவா சூ காங், ஜூரோங் வெஸ்ட் போன்ற ஓரத்துப் பேட்டைகள்தான் அவை. அடுக்குமாடிகள் நெருக்கி நின்றாலும், கீழே இறங்கினால் சந்தை, கோப்பிக் கடை, மருந்தகம், பஸ் நிறுத்தம் எல்லாம் பத்து நிமிட நடைக்குள் இருக்கும். கொஞ்ச நாளில் கடைக்காரருக்கு உங்கள் முகம் பழகிவிடும்.

புதிதாக வரும் நம்மவர்களில் பலர் ஃபேரர் பார்க், லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்கா என்று தமிழ்ச் சத்தம் கேட்கும் இடத்திலேயே அறை தேடுகிறார்கள். பயம்தான் காரணம். அந்தப் பயத்துக்கு மாதாமாதம் கூடுதல் வாடகை கட்டுகிறார்கள் என்பேன். வேறு சிலர் உட்லண்ட்ஸில் படுத்துக்கொண்டு, ஒரு கட்டுக் கருவேப்பிலைக்கும் ரயிலேறித் தேக்கா போகிறார்கள். இரண்டும் தேவையில்லை. இருக்கிற பேட்டையையே ஊராக்கிக்கொள்ள முடியும். அதற்கான வேலைகளை எந்த வரிசையில் செய்வது என்பதைத்தான் எழுதுகிறேன்.

இது வாடகை அறையிலோ வீட்டிலோ குடியேறப் போகிறவர்களுக்கானது. நிறுவனத்தின் தங்குவிடுதிக்கு வரும் தொழிலாளர்களுக்கு இட ஏற்பாடு வேறு. வீடு பற்றிய பகுதியைத் தாண்டிவிட்டு மற்றதைப் படிக்கலாம்.

விமானம் ஏறும் முன்

மனிதவள அமைச்சின் ஒப்புதல் கடிதம் வந்திருக்கும். ஐபிஏ என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். அதில் போட்டிருக்கும் சம்பளம், வேலை, நிறுவனத்தின் பெயர் மூன்றும் ஊரில் ஏஜெண்ட் சொன்னதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் கேள்வி கேட்க வேண்டிய நேரம் அதுதான். சாங்கி விமான நிலையத்தில் இறங்கிய பிறகு கேட்பது கஷ்டம்.

எஸ்ஜி அரைவல் கார்டு என்ற வருகை அட்டையை, வந்திறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்தின் தளத்தில் இதற்குக் கட்டணம் இல்லை. பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள்.

பெட்டியில் பொடி வகை, அப்பளம், வடகம் தாராளமாக வரட்டும். ஆட்டுக்கறித் தொக்கு, கோழி ஊறுகாய் வேண்டாம். இந்தியாவிலிருந்து இறைச்சி கொண்டுவர அனுமதி இல்லை. மெல்லும் புகையிலை, சூயிங் கம், மின்சிகரெட் மூன்றும் தடை செய்யப்பட்டவை. அண்ணன் ஒருவருக்குக் கொடுக்கச் சொல்லி யாராவது புகையிலைப் பொட்டலம் நீட்டினால், சொந்தக்காரர் கோபித்தாலும் பரவாயில்லை, மறுத்துவிடுங்கள். பெட்டி யாருடையதோ பொறுப்பும் அவருடையது.

மிக்ஸி கொண்டுவரலாமா என்பது எல்லா வீட்டிலும் எழும் கேள்வி. மின்னழுத்தம் இங்கேயும் 230 வோல்ட்தான், ஓடும். பிளக்தான் பொருந்தாது, இங்கே சதுரக் கால் மூன்று கொண்ட சொருகி. நல்ல அடாப்டர் ஒன்று வாங்கிக்கொண்டால் போதும். தினமும் மாவு அரைக்கப் போகிற குடும்பம் என்றால் இங்கேயே ஒன்று வாங்குவது உத்தமம்.

வீடு, அறை தேடுவது

அவசரப்பட்டால் காசு போகும் இடம் இது. நிதானமாகப் படியுங்கள்.

இங்கே பெரும்பாலோர் வசிப்பது வீவக என்று சொல்லப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகளில். மூவறை வீடு என்றால் இரண்டு படுக்கையறையும் ஒரு ஹாலும். நான்கறை வீடு என்றால் மூன்று படுக்கையறை. விளம்பரத்தைப் பார்த்துத் தலையெண்ணிக் கணக்குப் போடும்போது ஹாலையும் சேர்த்துத்தான் அறை எண்ணுகிறார்கள் என்பது நினைவிருக்கட்டும்.

வீவக வீட்டையோ அறையையோ ஆறு மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடக் கூடாது. "இரண்டு மாதம் மட்டும் தங்கிக்கோ தம்பி, பேப்பரெல்லாம் வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால் அது சட்டப்படியான இடம் இல்லை. சோதனை வந்தால் நடுராத்திரியில் பெட்டியைக் கட்ட வேண்டியவர் நீங்கள். உரிமையாளர் வீவகவிடம் அனுமதி பெற்று உங்கள் பெயரைப் பதிய வேண்டும். பதிந்தாரா என்பதை, சிங்பாஸ் என்ற அரசாங்க இணைய அடையாளக் கணக்கு கிடைத்ததும், வீவகவின் இணையச் சேவையில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அறையை மட்டும் வாடகைக்கு விடுபவர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். ஓர் அறையைப் பூட்டி வைத்துவிட்டு மற்ற அறைகளை விட்டு, தான் வேறெங்கோ இருக்கிறார் என்றால் எட்ட நில்லுங்கள். ஹாலைப் பலகை வைத்துத் தடுத்த அறையும், இரும்புக் கதவு போட்ட அந்தச் சின்னப் பாதுகாப்பு அறையும் படுக்கையறைக் கணக்கில் வராது.

மூவறை வீட்டில் ஆறு பேருக்கு மேல் தங்கக் கூடாது. நான்கறையும் அதற்குப் பெரியதும் என்றால், 2024 ஜனவரியிலிருந்து தற்காலிகமாக எட்டுப் பேர் வரை அனுமதிக்கிறார்கள்.

முழு வீடாக எடுக்கும் குடும்பங்களுக்கு இன்னொரு வரம்பு உண்டு. மலேசியர் அல்லாத வெளிநாட்டினர் வாடகைக்கு இருக்கும் வீடுகள், ஒரு புளோக்கில், அதாவது ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில், 11 விழுக்காட்டையும் ஒரு வட்டாரத்தில் 8 விழுக்காட்டையும் தாண்டக் கூடாது. வீடு பிடித்திருக்கும், வாடகையும் பேசி முடித்திருப்பீர்கள், "கோட்டா நிரம்பிவிட்டது" என்பார் முகவர். சாக்கு சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம், நிஜமாகவே அப்படி நடக்கும். அதற்குள் மனதில் திரைச்சீலை மாட்டிவிடாதீர்கள். வொர்க் பர்மிட் வைத்திருப்பவர்களுக்கு எந்தத் துறை என்பதைப் பொறுத்து விதி மாறும். கம்பெனியிடம் கேட்டுவிட்டுத் தேடத் தொடங்குங்கள்.

முகவரைப் பற்றி ஒரு கறாரான விஷயம். வீவக வாடகைப் பணத்தை முகவர் கையில் வாங்கவே கூடாது என்பது இங்கே விதி. முன்பணம், வாடகை எதுவானாலும் உரிமையாளர் கணக்குக்கு நேராகப் போக வேண்டும். முகவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் சிஇஏ என்ற அமைப்பின் பொதுப் பதிவேட்டில் இருக்கும், தேடிப் பாருங்கள். வீட்டைப் பார்ப்பதற்கு முன்பே "நிறையப் பேர் கேட்கிறார்கள், முன்பணம் போட்டு வையுங்கள்" என்று வரும் செய்திகள் பெரும்பாலும் மோசடி. அப்படிச் சந்தேகம் வந்தால் 1799 என்ற எண்ணில் கேட்கலாம்.

தொலைபேசியில் எந்த நாடு, எந்த இனம், சமைப்பீர்களா என்று எடுத்த எடுப்பிலேயே கேட்பார்கள். இந்தியர் வேண்டாம் என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்பவர்களும் உண்டு. மனசு சங்கடப்படும்தான். வாதாடி ஜெயித்து அந்த வீட்டில் குடியேறி என்ன செய்யப் போகிறோம்? அடுத்த எண்ணை அழுத்துங்கள்.

வீட்டைப் பார்க்கப் போகும்போது மாலை நாலு மணிக்குப் போங்கள். மேற்கு வெயில் அறைக்குள் இறங்கினால் இரவு பதினொன்று வரை சுவர் சுடும். ரயில் பாதையை ஒட்டிய புளோக் என்றால் ஜன்னலைத் திறந்து வைத்து ஒரு ரயில் போகும்வரை நில்லுங்கள். செம்பவாங், சுவா சூ காங் பக்கம் விமானப்படைத் தளங்கள் அருகில் இருப்பதால் ஹெலிகாப்டர், போர் விமானச் சத்தம் இருக்கும். சில நாளில் காது பழகும். கைக்குழந்தை உள்ள வீடு என்றால் யோசிக்கலாம்.

பிறகு உட்கார்ந்து பேசுங்கள். சமைக்கலாமா, எத்தனை வேளை? 'லைட் குக்கிங்' என்று சொல்வார்கள். சிலருக்கு அது நூடுல்ஸ் வேகவைப்பது, தாளிதம் அதில் வராது. தாளிக்கலாமா, மீன் பொரிக்கலாமா என்று பேர் சொல்லிக் கேட்டுவிடுங்கள். வாடகையில் பியூபி, அதாவது கரண்ட், தண்ணீர்க் கட்டணம் சேர்த்தியா? ஏசி இரவு மட்டுமா? துணி துவைக்க எந்தெந்த நாள்? ஊரிலிருந்து அம்மா வந்தால் தங்கலாமா? இத்தனையும் ஒப்பந்தத்தில் எழுத்தில் வரட்டும். ஒரு வருட ஒப்பந்தத்துக்கு ஒரு மாத முன்பணம் என்பது பொதுவான வழக்கம். கையெழுத்துப் போட்ட 14 நாளுக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். வழக்கமாக அது குடியிருப்பவர் செலவு. நாலு வருடத்துக்கு உட்பட்ட ஒப்பந்தம் என்றால் மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு. மாதம் 900 வெள்ளி (சிங்கப்பூர் டாலரை இங்கே இப்படித்தான் சொல்வோம்), பன்னிரண்டு மாதம் என்றால் மொத்தம் 10,800. தீர்வை 43 வெள்ளி. பெரிய தொகை இல்லை, ஆனால் பின்னால் வழக்கு, தகராறு என்று வந்தால் முத்திரை இல்லாத ஒப்பந்தம் உதவாது.

சாவி வாங்கிய அன்றே சுவர்க் கறை, உடைந்த ஓடு, ஓடாத விசிறி எல்லாவற்றையும் படமெடுத்து உரிமையாளருக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவிடுங்கள். காலி செய்யும் நாளில் பேச்சு நீளாது.

முதல் வாரத்து வேலைகள்

பாஸ் என்ற வேலை அனுமதி அட்டை, முகவரிப் பதிவு, வங்கிக் கணக்கு, சிங்பாஸ் – இந்த வரிசையில் போனால் ஒன்றுக்கு ஒன்று கை கொடுக்கும். முகவரி மாறியதை நிறுவனத்திடம் உடனே சொல்லுங்கள். சிங்பாஸ் வந்துவிட்டால் அரசாங்க வேலை முக்கால்வாசி கைபேசியிலேயே முடிந்துவிடும்.

கைபேசியிலேயே பணம் அனுப்பும் பேநவ் வசதியை முதல் நாளே போட்டுக்கொள்ளுங்கள். சந்தையில் கீரை விற்கும் அம்மா வரை கியூஆர் அட்டை மாட்டியிருக்கிறார். ஊருக்குப் பணம் அனுப்ப, 2023 பிப்ரவரியிலிருந்து பேநவ்வும் நம் ஊர் யுபிஐயும் சில வங்கிகளுக்கிடையே இணைக்கப்பட்டிருக்கின்றன. உங்கள் வங்கி அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒன்றே ஒன்று: "உன் கணக்கைக் கொஞ்ச நாள் குடு, மாசம் இவ்வளவு தர்றேன்" என்று யாராவது இனிக்கப் பேசினால் ஓடிவிடுங்கள். வங்கிக் கணக்கையோ சிங்பாஸையோ அடுத்தவருக்குக் கொடுப்பது இங்கே குற்றம். கொடுத்தவன் புதுசு, விவரம் தெரியாதவன் என்று நீதிமன்றம் விட்டுவிடாது.

பஸ், ரயிலுக்குத் தொடுகை வசதியுள்ள வங்கி அட்டையே போதும். பஸ்ஸில் ஏறும்போதும் இறங்கும்போதும் தட்டுங்கள். இறங்கும்போது மறந்தால் கடைசி நிறுத்தம் வரைக்கும் காசு பிடிக்கும். நிறுத்தத்தில் நின்றால் பஸ் தானாக நிற்கும் என்று நினைக்காதீர்கள், கையை நீட்ட வேண்டும். ரயிலுக்குள் சாப்பிடவும் குடிக்கவும் தடை, தண்ணீரும் அதில் சேர்த்தி. 500 வெள்ளி வரை அபராதம் போடலாம்.

புளோக்குக்குக் கீழே

வீட்டைச் சுற்றி ஒரு நடை போங்கள். முதலில் மாமாக் கடையைக் கண்டுபிடியுங்கள். புளோக்கின் அடியில், மிட்டாய்ப் புட்டியும் ரொட்டியும் கைபேசி டாப்அப் அட்டையும் பந்தும் துடைப்பமும் கூரை வரை அடைத்துக்கொண்டிருக்கும் சின்னக் கடை அது. பல கடைகளில் கல்லாவில் இருப்பவர் நம் தமிழ் முஸ்லிம் பெரியவர். சூப்பர்மார்க்கெட்டைவிட அங்கே விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும். ஆனாலும் வாரம் ஒரு முறை அங்கே ஏதாவது வாங்குங்கள். "பாய், இந்தப் பக்கம் நல்ல டாக்டர் யாரு?" என்று கேட்டால் கிடைக்கும் பதில் கூகுளில் கிடைக்காது. காலியாகப் போகிற அறை, மாவு விற்கும் வீடு, ஆட்டுக்கறி எந்தக் கிழமை புதுசாக வரும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும்.

அடுத்தது ஈரச்சந்தை. காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள். மத்தியானம் போனால் கழுவிவிட்ட தரைதான் இருக்கும். பெரும்பாலான பேட்டைச் சந்தைகளில் ஓர் இந்தியக் காய்கறிக் கடையாவது இருக்கும். வெண்டை, கத்தரி, பாகல், புடலை இங்கேயே கிடைக்கும். சீனக் கடைக்காரர்களை அங்கிள், ஆன்ட்டி என்று கூப்பிடுங்கள், வயது எதுவானாலும். மலாய்ப் பெரியம்மாவை மக்சிக் என்றால் முகம் மலர்ந்துவிடும்.

கோப்பிக் கடையில் காப்பி சொல்வதற்குத் தனி இலக்கணம் இருக்கிறது. கோப்பி என்று மட்டும் சொன்னால் டின் பால் ஊற்றி, தித்திப்பாக வரும். கோப்பி ஓ என்றால் பாலில்லாமல் சர்க்கரையோடு. கோப்பி சி என்றால் இனிப்பில்லாத டின் பாலும் சர்க்கரையும். பின்னால் கோசோங் சேர்த்தால் சர்க்கரை கிடையாது, சியூ தாய் என்றால் இனிப்பு குறைவு, காவ் என்றால் கடுப்பம், போ என்றால் லேசாக, பெங் என்றால் ஐஸ். தேநீருக்கு கோப்பி இருக்கும் இடத்தில் தே போட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய்க்காரர் சொல்ல வேண்டியது "கோப்பி ஓ கோசோங்". கும்பகோணம் டிகிரி காப்பி நாக்கோடு வருகிறவருக்கு முதல் மடக்கு அதிர்ச்சியாக இருக்கும். ரெண்டு வாரம் பொறுங்கள், பிடித்துப்போகும். எனக்குத் தெரிந்து தப்பியவர் குறைவு.

காலி மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் அது யாரோ பிடித்து வைத்த இடம். எடுத்து ஓரமாக வைத்துவிட்டு உட்காராதீர்கள். சாப்பிட்ட தட்டை நீங்களே கொண்டுபோய் வைக்க வேண்டும். உணவங்காடி நிலையங்களில் 2021 செப்டம்பரிலிருந்தும் கோப்பிக் கடைகளில் 2022 ஜனவரியிலிருந்தும் இது கட்டாயம். ஹலால் தட்டுக்கும் மற்றத் தட்டுக்கும் பல இடங்களில் தனித்தனி அடுக்கு இருக்கும், பார்த்து வையுங்கள்.

சைவக்காரர்கள் கவனிக்க வேண்டியது: சம்பாலில் பெலாச்சான் என்ற இறால் விழுது இருக்கும். கீரை வதக்கலில் சிப்பிச் சாறு ஊற்றியிருக்கலாம். சீன சைவக் கடையில் கோழி, வாத்து என்று பலகையில் எழுதியிருப்பது சோயாவிலும் கோதுமைப் புரதத்திலும் செய்தது, பயமில்லாமல் சாப்பிடலாம்.

அக்கம்பக்கம்

ஒரே தாழ்வாரத்தில் சீனர், மலாய்க்காரர், நம்மவர் என்று கலந்துதான் வீடுகள் இருக்கும். சனிக்கிழமை கீழ்த்தளத்தில் மலாய்க் கல்யாணம் நடக்கும், கொம்பாங் மேளம் பத்தாவது மாடி வரை கேட்கும். அடுத்த வாரம் அதே இடத்தில் வெள்ளைத் துணி கட்டிச் சீனர் வீட்டுத் துக்கம் இருக்கும்; மூன்று, ஐந்து, ஏழு நாள் என்று ஒற்றைப்படையில் நடத்துவார்கள். குறுக்கே புகுந்து நடக்காமல் சுற்றிப் போங்கள். ஆகஸ்ட் வாக்கில் வரும் சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் புல்வெளி ஓரங்களில் ஊதுபத்தியும் ஆரஞ்சும் சோறும் படைத்திருப்பார்கள். காலில் மிதிபடாமல் பார்த்து நடக்க வேண்டும். பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

நம் பக்கத்திலிருந்து அவர்களுக்குத் தொந்தரவு எது? சமையல் வாசனை என்று பலர் கூசிப்போகிறார்கள். அவ்வளவு கூச வேண்டாம். ஒரு சீனக் குடும்பம் பக்கத்து இந்திய வீட்டின் குழம்பு வாசனை பிடிக்கவில்லை என்று புகார் செய்த பழைய சங்கதி 2011-இல் செய்தியில் வந்ததும், இந்த ஊர்க்காரர்கள் எல்லா இனத்தாருமாகச் சேர்ந்து அந்த ஆகஸ்ட் 21 அன்று வீட்டுக்கு வீடு குழம்பு வைத்துப் பகிர்ந்துகொண்டார்கள். குழம்பு இந்தத் தேசத்தின் சாப்பாடு. கருவாடு வறுக்கும்போது மட்டும் தாழ்வாரத்து ஜன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள், அது போதும்.

உண்மையான தொந்தரவுகள் வேறு. இரவு பத்தரைக்கு மேல் மிக்ஸி. ஸ்பீக்கரில் ஊரோடு வீடியோ அழைப்பு. பிழியாமல் காயப்போட்ட துணியிலிருந்து கீழ்வீட்டுத் துணி மேல் சொட்டும் தண்ணீர். தாழ்வாரத்தை அடைத்த செருப்பு அடுக்கும் சைக்கிளும். தீ விபத்துக்காக 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பது விதி. ஜன்னல் வழியாக ஒரு தலைமுடிச் சுருளைக்கூட வெளியே போடாதீர்கள், மாடியிலிருந்து குப்பை போடுவதைக் கேமரா வைத்துப் பிடிக்கிறார்கள். துளசிச் செடித் தட்டில் தண்ணீர் நின்றால் ஏடிஸ் கொசு வரும், அதிகாரி வந்து பார்த்தால் அபராதம்.

தீபாவளிக்கு முறுக்கும் லட்டும் பக்கத்து நான்கு வீட்டுக்குக் கொடுங்கள். சைவப் பலகாரம் என்று சொல்லிக் கொடுத்தால் மலாய் வீட்டிலும் தயக்கமில்லாமல் வாங்குவார்கள். நோன்புப் பெருநாளுக்குக் குவே என்ற மலாய்ப் பலகாரம் வரும், சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சு வரும். ஆரஞ்சை இரண்டு இரண்டாகத்தான் கொடுக்கவும் வாங்கவும் வேண்டும்.

பல பேட்டைகளில் கீழே ஒரு சமூகத் தோட்டம் இருக்கும். வேலிக்குள் கருவேப்பிலை, முருங்கை, பண்டான், மஞ்சள் என்று நம் கொல்லைப்புறம் மாதிரியே இருக்கும். அந்த வட்டாரத்துப் பெரியவர்கள் சேர்ந்து பார்த்துக்கொள்வது அது. கேட்காமல் ஓர் இணுக்குகூடப் பறிக்க வேண்டாம். பொது இடத்து மரத்தில் மாங்காய் பறிப்பதும் சட்டப்படி தப்பு. காலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பவரிடம் போய், "அங்கிள், நானும் வந்து உதவலாமா?" என்று கேளுங்கள். களை பிடுங்கத் தெரிந்த ஆளுக்கு இங்கே ஏகப்பட்ட மரியாதை. அப்புறம் கருவேப்பிலைக்கு நீங்கள் ரயிலேற வேண்டியிருக்காது.

உடம்புக்கு முடியவில்லை என்றால்

காய்ச்சல், வயிற்றுவலிக்குப் புளோக்கின் கீழேயே கிளினிக் இருக்கும். மருத்துவர் பார்த்து, மருந்தையும் அங்கேயே தந்துவிடுவார். மருந்துக் கடைக்குத் தனியாகப் போக வேண்டியதில்லை. வேலைக்கு விடுப்புச் சொல்ல எம்சி என்ற சான்று கேட்டு வாங்குங்கள். பாலிகிளினிக் என்ற அரசாங்கப் பலதுறை மருந்தகத்தில் வெளிநாட்டினருக்கு உதவித்தொகை கிடையாது என்பதால் பல நேரங்களில் கீழ்வீட்டுக் கிளினிக்கே தோது. நிறுவனம் எந்தக் கிளினிக்கோடு ஏற்பாடு வைத்திருக்கிறது என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

வொர்க் பர்மிட், எஸ் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு நிறுவனம் மருத்துவக் காப்புறுதி எடுத்தே ஆக வேண்டும். 2023 ஜூலையிலிருந்து வருடத்துக்குக் குறைந்தது 60,000 வெள்ளி. எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சம்பளம் அதிகம் என்று தெம்பாக இருப்பவர்கள்தான் இதில் மாட்டிக்கொள்கிறார்கள், ஒரு குடல்வால் அறுவைக்கே கையிருப்பு கரைந்துவிடும். சொந்தமாகவாவது எடுத்துவிடுங்கள். ஆம்புலன்ஸுக்கும் தீக்கும் 995, போலீசுக்கு 999, அவசரமில்லாத ஆம்புலன்ஸுக்கு 1777.

குடும்பத்தோடு வருபவர்கள்

டிபெண்டன்ட் பாஸில் கணவரையோ மனைவியையோ அழைத்துவர மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி இருக்க வேண்டும். அப்படி வந்தவர் வேலைக்குப் போக வேண்டுமென்றால் தனியாக வேலை பாஸ் வேண்டும். வீட்டில் இட்லி மாவு அரைத்துப் பக்கத்து புளோக்குக்கு விற்கலாமே என்று தோன்றும்; அனுமதி இல்லாமல் வேண்டாம். அரசுப் பள்ளியில் சேர வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஏஇஐஎஸ் என்ற நுழைவுத் தேர்வு உண்டு, இடம் உறுதி கிடையாது. தமிழைத் தாய்மொழிப் பாடமாகப் படிக்கலாம். அந்தப் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லையென்றால் வேறு நிலையத்துக்குப் போய்ப் படிக்க ஏற்பாடு இருக்கிறது.

வீட்டில் தனியாக இருக்கும் துணைக்குத்தான் முதல் மூன்று மாதம் கொடுமை. பேட்டையின் சமூக மன்றத்துக்குப் போகச் சொல்லுங்கள். சமையல், தையல், யோகா என்று வகுப்புகள் நடக்கும். இந்திய நற்பணிச் செயற்குழு இருக்கும் மன்றங்களில் பொங்கல், தீபாவளி நிகழ்ச்சிக்கு எப்போதும் கையாள் தேவை. கோலம் போட வருகிறேன் என்று சொன்னால் போதும், அந்த மாலையே நாலு அக்காக்களின் எண் கைபேசியில் ஏறிவிடும். உட்லண்ட்ஸ் வட்டார நூலகத்தில் தமிழ்ப் புத்தக அடுக்குகள் இருக்கின்றன. உட்கார்ந்து படிக்கக் காசு வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை

கோயிலுக்கும் தேக்காதான் போக வேண்டும் என்றில்லை. மார்சிலிங்கில் சிவ கிருஷ்ண ஆலயம், சுங்கை காடுட்டில் அரசகேசரி சிவன் ஆலயம், ஈசூனில் புனிதமரம் பாலசுப்பிரமணியர் ஆலயம் என்று வடக்குப் பக்கமே நிறைய. பங்குனி உத்திரத்துக்குப் பாலசுப்பிரமணியர் கோயிலில் காவடியோடு அந்தப் பேட்டையே விழாக்கோலம் பூணும். பொங்கலும் தைப்பூசமும் இங்கே பொது விடுமுறை இல்லை. விடுப்பை ஜனவரி தொடக்கத்திலேயே கேட்டு வையுங்கள். தமிழில் குத்பா (வெள்ளிக்கிழமைத் தொழுகை உரை) கேட்க வேண்டுமென்றால் டன்லப் தெருவின் அப்துல் கபூர் பள்ளிவாசலுக்கும், தமிழ்த் திருப்பலிக்கு ஓஃபிர் சாலையின் லூர்து மாதா கோயிலுக்கும் போகலாம். இவை இரண்டும் தேக்காவுக்குப் பக்கத்தில்தான்.

பச்சையைப் பார்க்காமல் கண் பூத்துவிட்டது என்றால் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்குப் போங்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. சதுப்புநில மரங்களுக்கு நடுவே பலகைப் பாதை, உடும்பு, வலசை வரும் பறவைகள். முதலையும் உண்டு, பாதையை விட்டு இறங்க வேண்டாம். வழியில் லிம் சூ காங்கில் ஆட்டுப் பண்ணை ஒன்று இருக்கிறது. ஆடு மேய்த்த கை சும்மா இருக்காது.

தேக்காவுக்குப் போகவே கூடாது என்று சொல்லவில்லை. வாழை இலை, மல்லிகைச் சரம், ஊரில் விற்கும் அதே மார்க் பெருங்காயம் எல்லாம் அங்கேதான் ஒரே இடத்தில் கிடைக்கும். உட்லண்ட்ஸிலிருந்து வடக்கு தெற்குப் பாதையில் நியூட்டன் வரை வந்து டவுன்டவுன் பாதைக்கு மாறினால் அடுத்த நிறுத்தமே லிட்டில் இந்தியா. முக்கால் மணி நேரம் பிடிக்கும். ஞாயிறு மாலை தீவு முழுவதும் இருந்து தொழிலாளர்கள் நண்பர்களைப் பார்க்க வரும் நேரம், நடக்கவே இடமிருக்காது. மளிகைக்குப் போகிறவர்கள் சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் போய்விடுங்கள். மீன் புதுசாக இருக்கும், திரும்பும் ரயிலில் பையோடு உட்காரவும் இடம் கிடைக்கும். வாசனை தூக்கும் டூரியான் பழம் மட்டும் வாங்கினால் டாக்சிக்காரரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், ரயிலில் ஏற்ற விட மாட்டார்கள்.